பதினைந்து வயதுப் பையனுக்குத் தனியாகக் காத்திருக்கத் தெரியவில்லை

#1 வெஸ்ட்கிளிஃப்_அம்மா (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதம் இங்கே எந்தக் கோயிலில் என்றைக்குக் கஞ்சி என்பதுதான் பேச்சு. நான் வேறொன்று கேட்க வந்திருக்கிறேன். தமிழில் எழுதினால் என் மகனால் படிக்க முடியாது, அதனாலும் இங்கே.

அவனுக்குப் பதினைந்து வயது, ஒன்பதாம் கிரேடு. மூன்றாம் டெர்ம் தொடங்கிய வாரம், என்2 நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்து நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். போனில் சார்ஜ் இல்லை. பள்ளிக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் தாமதம். வாசலில் அவனைக் காணோம். காவலாளி தேடிப் பார்த்தார். கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கை கால் நடுங்கிக்கொண்டிருந்தது. "நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைத்தேன்" என்றான்.

அன்றிலிருந்து காலையானால் வயிற்றுவலி. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார். மூன்று வாரத்தில் ஆறு நாள்தான் பள்ளிக்குப் போயிருக்கிறான்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் எங்கள் வீட்டு கேட் திறக்கும் நேரத்தில் துப்பாக்கியைக் காட்டி என் காரைப் பறித்துக்கொண்டு போனார்கள். பின்சீட்டில் அவன் இருந்தான், அப்போது ஏழு வயது. அவனை இறக்கிக்கொள்ள விட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் தெருவில் தனியாக நடந்ததே இல்லை. மூலையில் இருக்கும் டக்‌ஷாப் எங்கள் கேட்டிலிருந்து எட்டு வீடு தள்ளி. ரொட்டி வாங்கக்கூட அனுப்பியதில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று போன் செயலியில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது பார்ப்பேன். அவனுடைய ப்ராஜெக்ட் பாதி என் கையெழுத்துதான். போன வருடம் ஆப்பிரிக்கான்ஸ் மொழிப்பாட ஓரலுக்கு (வாய்மொழித் தேர்வு) வகுப்பு முன்னால் நிற்கமாட்டேன் என்று அழுதான். டீச்சருக்கு எழுதிப்போட்டு, இடைவேளையில் தனியாகப் பேச ஏற்பாடு செய்தேன்.

அக்கா சொல்கிறாள், நான்தான் அவனைக் கெடுத்தேனாம். அப்படித்தானா?

#2 டொங்காட்_கரும்பு

மகளே, கோபித்துக்கொள்ளாதே, உன் அக்கா சொல்வது சரி.

நான் கேட்டோ மேனரில் பிறந்தவன். நிறவெறிக் காலத்தில் அதை வெள்ளையர் பகுதி என்று சொல்லி எங்களைக் கிளப்பிவிட்டார்கள், சாட்ஸ்வர்த்துக்கு வந்தோம். பத்து வயதில் விடியற்காலை நாலு மணிக்கு அப்பாவோடு வார்விக் அவென்யூ மார்க்கெட். கொத்தமல்லிக் கட்டு விற்றுவிட்டு, காலிக் கூடையோடு தனியாக பஸ் ஏறி வந்து, அதே காலோடு பள்ளிக்கு. சில்லறை ஐந்து சென்ட் குறைந்தால் வீட்டில் பெல்ட் பேசும். எங்களுக்கு டிப்ரெஷனும் தெரியாது, ஆங்ஸைட்டியும் தெரியாது. இப்போதைய பிள்ளைகள் கண்ணாடி டம்ளர்.

#3 கேட்_ரிமோட் (பீனிக்ஸ்)

அங்கிள், அன்றைக்கு உங்கள் தெருவில் ஆர்ம்டு ரெஸ்பான்ஸ் (தனியார் ஆயுதக் காவல்) வண்டி சுற்றிக்கொண்டிருந்ததா? 2022/23 ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 27,000க்கும் மேல் கொலைகள், போலீஸே சொன்ன கணக்கு. பர்க்ளர் கார்ட் (திருடனுக்கான இரும்புக் கம்பி) போடாத ஜன்னல் ஒன்று சாட்ஸ்வர்த்தில் காட்டுங்கள், என் வீட்டை எழுதித் தருகிறேன்.

2008இல் நியூயார்க்கில் ஒரு பத்திரிகைக்காரம்மா, லெனோர் ஸ்கெனாசி என்று பெயர், ஒன்பது வயது மகனைத் தனியாக சப்வேயில் அனுப்பினார். பிள்ளைகளைச் சுதந்திரமாக விடுங்கள் என்று அதன்பிறகு ஓர் இயக்கமே நடத்துகிறார். நல்ல விஷயம்தான். அவரை மாலை ஆறு மணிக்கு வார்விக் டாக்சி ரேங்கில் பையனோடு நிறுத்துங்கள், அப்புறம் பேசலாம்.

#4 திருச்சி_டு_மிட்ராண்ட்

நான் ஆறு வருடத்துக்கு முன் வேலைக்காக இங்கே வந்தவன், உங்களைப் போல ஐந்து தலைமுறைக்காரன் இல்லை. தவறாக இருந்தால் திருத்துங்கள்.

ஒரு வேடிக்கை. நான் குடியிருப்பது சுற்றுச்சுவரும் மின்வேலியும் உள்ள எஸ்டேட். கேட்டில் கைரேகை வைக்காமல் ஈ நுழையாது. ஆனால் அந்தச் சுவருக்குள்ளேதான் என் பிள்ளைகள் நான் திருச்சியில் ஆடியதைப் போல ஆடுகிறார்கள். இருட்டும்வரை சைக்கிள், மரம் ஏறுவது, விழுவது, சண்டை. யாரும் கூடப் போவதில்லை. திருச்சியில் என் தங்கை பிள்ளைகளுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே துப்பாக்கி கிடையாது, ஆனால் தெரு முழுக்க வண்டி, மாலை முழுக்க டியூஷன்.

இங்கிலாந்தில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காடு பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 விழுக்காடு. பெற்றோர் முதலில் சொன்ன காரணம் கொலைகாரனும் இல்லை, கடத்தல்காரனும் இல்லை. கார்தான்.

#5 கேட்_ரிமோட் (பீனிக்ஸ்)

சுவருக்குள் சுதந்திரம் கிடைக்கும் தம்பி. அந்த எஸ்டேட்டின் மாத லெவி (பராமரிப்புக் கட்டணம்) எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

#6 திருச்சி_டு_மிட்ராண்ட்

அது நியாயமான அடி. வாங்கிக்கொண்டேன்.

#7 இரவுப்பணி (டர்பன்)

நான் மனநலப் பிரிவில் இருபது வருடமாக நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

வெஸ்ட்கிளிஃப் அக்கா, "நான்தான் கெடுத்தேனா" என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். துப்பாக்கி முனையில் நின்ற தாயும் பிள்ளையும் பயந்துபோனதற்குக் குற்றவாளி தேட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பதிவைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு ரகம் கலந்திருக்கிறது. கேட் முன்னால் நிற்காதே, இருட்டில் நடக்காதே என்பது ஒரு ரகம். அது ஆபத்து, இந்த ஊரில் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆப்பிரிக்கான்ஸ் ஓரல் எந்த ரகம்? ப்ராஜெக்ட் எந்த ரகம்? அங்கே யாரிடமும் துப்பாக்கி இல்லை. அது சங்கடம். கார் பறிபோன பயத்தை எடுத்துக்கொண்டுபோய் ஓரலுக்கும் போட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரிந்து இங்கே பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. திருடனுக்காகக் கட்டிய சுவர், வீட்டுப்பாடத்தையும் பிள்ளைகளுக்குள் நடக்கும் சண்டையையும் குறைந்த மார்க்கையும் சேர்த்தே வெளியில் நிறுத்திவிடுகிறது.

பதற்றம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? வீடே அவன் பதற்றத்துக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும். அவன் பயப்படுவான், அம்மா அந்த வேலையைத் தானே செய்துவிடுவாள், அவனுக்கு உடனே நிம்மதி, அம்மாவுக்கும் நிம்மதி. அவன் மனதில் பதிவது என்ன? "உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம்தான், அதனால்தான் அம்மா என்னைச் செய்யவிடவில்லை." அடுத்த தடவை பயம் இன்னும் பெரிதாக வரும்.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறை உருவாக்கினார். அதில் பிள்ளை டாக்டரிடம் வரவே வேண்டாம், பெற்றோர் மட்டும் வந்தால் போதும். பிள்ளையை மாற்றச் சொல்வதில்லை, தாங்கள் செய்வதை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்கிறார்கள். 7 முதல் 14 வயதுவரை உள்ள 124 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வை 2020இல் வெளியிட்டார்கள். பிள்ளைக்கே நேரடியாகக் கொடுக்கும் வழக்கமான சிகிச்சைக்கு இது குறைவில்லை என்று வந்தது. பன்னிரண்டு வாரம்தான்.

இதில் முக்கியம், திடீரென்று கையை விட்டுவிடுவது இல்லை. டொங்காட் அங்கிள் ஆற்றில் தள்ளி நீச்சல் பழக்கச் சொல்கிறார், அது வேண்டாம். "உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உன்னால் தாங்க முடியும் என்றும் தெரியும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். எந்த உதவியை நிறுத்தப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரே ஒன்று, சின்னதாக. பிறகு அவன் அழுதாலும் கத்தினாலும் அதில் மட்டும் பின்வாங்கக் கூடாது.

ஆனால் மூன்று வாரத்தில் ஆறு நாள்தான் பள்ளி என்றால் இணையத்தில் ஆலோசனை கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் குழந்தை மனநல ஆலோசகர், இல்லாவிட்டால் அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் எழுதி வாங்குங்கள். சாப்பாடு, தூக்கம் கெட்டால், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அன்றைக்கே. சைல்ட்லைன் (குழந்தைகளுக்கான தொலைபேசி உதவி) எண் 116, காசில்லை. பெற்றோரும் கூப்பிடலாம்.

#8 மாரிட்ஸ்பர்க்_மாமி

எவ்வளவு பெரிய பெயர்களெல்லாம் சொல்கிறீர்கள். எல்லாம் அந்தப் போன்தான் அம்மா. போனைப் பிடுங்கிப் போடுங்கள், ஒரு வாரத்தில் வயிற்றுவலி போய்விடும்.

#9 இரவுப்பணி (டர்பன்)

மாமி, போனில் பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் அரசே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுக் கணக்கெடுக்கிறது. விடாத சோகம், நம்பிக்கையின்மை என்று சொன்னவர்கள் 2011இல் 28 விழுக்காடு, 2021இல் 42, 2023இல் 40. இந்த ஏற்றத்துக்குப் போனைக் காரணம் காட்டி ஜோனதன் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2024இல் ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் என்ற உளவியலாளர், கைவசம் உள்ள ஆய்வுகள் அப்படி ஒரு காரணத்தை நிறுவவில்லை என்று நேச்சர் இதழில் மறுத்தார். ஹைட்டேகூட போனை மட்டும் சொல்லவில்லை. வெளியில் அளவுக்கு மீறிப் பொத்திவைக்கிறோம், இணையத்தில் அவிழ்த்துவிட்டுவிட்டோம் என்று இரண்டையும்தான் சொல்கிறார்.

2023இல் உளவியலாளர் பீட்டர் கிரேயும் இன்னும் இருவரும் குழந்தை மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை வேறு திசையில் போகிறது. பெரியவர் கண் இல்லாமல் ஆடுவதும் அலைவதும் பல பத்தாண்டுகளாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறது, மனநலமும் அதோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது என்கிறார்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் யார் பையிலும் ஸ்மார்ட்போன் இல்லை.

இன்னொன்று. இதெல்லாம் அமெரிக்க எண்கள். சட்டையை அப்படியே எடுத்து நம் பிள்ளைக்கு மாட்டிவிட முடியாது.

அப்புறம் மாமி, இந்த வீட்டில் போனை அதிகம் பார்ப்பது யார் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. நாற்பது தடவை.

#10 வெஸ்ட்கிளிஃப்_அம்மா

அது குத்தியது. சரியாகத்தான் குத்தியது.

#11 இரண்டாமாண்டு (டர்பன், மாணவி)

என் தமிழ் கோயில் வகுப்பில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தப் பையனாக இருந்தவள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதம் வங்கிக்குப் போனேன். எந்த வரிசையில் நிற்பது என்று யாரையாவது கேட்க வேண்டும். கேட்க முடியவில்லை. ஒரு மணி நேரம் வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த நாள் அம்மாவே வந்து வரிசையில் நின்றிருப்பார். முதல் டெஸ்டில் தோற்றபோது அம்மா துறைக்கே போன் போட்டார். "பதினெட்டு ஆகிவிட்டது மேடம், நாங்கள் உங்களிடம் பேச முடியாது" என்று வைத்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், ஏனென்று இன்றும் தெரியவில்லை.

ஆன்ட்டி, உங்கள் மகனுக்குக் கோபம் வரும். வரட்டும். அம்மாமேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்பதே எனக்குப் பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது.

#12 ஆயாவின்_பேத்தி (லெனேஷியா)

எனக்கு ஒன்று புரியவே இல்லை. என் பெரியம்மா மகன், பதினான்கு வயது. டாக்சியில் ஏறக்கூடாது, மாலுக்குத் தனியாகப் போகக்கூடாது, கால்பந்து வேண்டாம், முட்டி போய்விடும். அதே பையனுக்குத் தைப்பூசத்தில் நாக்கிலும் கன்னத்திலும் வேல், முதுகில் கொக்கி, தார் ரோட்டில் வெறுங்கால். பெரியம்மா பக்கத்தில் நின்று "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்! கண்ணில் ஒரு துளி இல்லை.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அங்கே மட்டும் எப்படி விட முடிகிறது? பத்து நாள் விரதம் இருந்து அவனே தயாராகிறான், சுற்றிலும் தெரிந்த முகங்கள், மேலே முருகன். கஞ்சி ஊற்றுகிற அன்றும் இப்படித்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கொதிக்கிற வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒரு அம்மாவும் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பையனிடம் ஒரு வேலையைக் கொடுக்கச் சொல்லிக் கோயில் அண்ணன்மார்களிடம் சொல்லிப் பாருங்களேன் அக்கா. நீங்கள் போகாதீர்கள்.

#13 பழையவாசி (பீனிக்ஸ்)

பயத்தைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்ல வேண்டும், திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் தெரு முனையில் டயரும் மேஜையும் போட்டு மறித்து ராப்பகலாகக் காவல் நின்றோம். கடைகள் எரிந்துகொண்டிருந்தன, போலீஸ் வரவில்லை, பயம் உண்மையானது. ஆனால் அந்த வாரத்தில் பீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், அதில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர். வேலைக்குப் போய் வந்தவர்களும் அதில் உண்டு. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஜன்னல் வழியாக எதைப் பார்த்தாளோ தெரியாது, இன்றைக்கும் கேட்கவில்லை. இப்போது தெருவில் தெரியாத கறுப்பு முகம் ஒன்று நடந்து போனாலே கதவைச் சாத்துகிறாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் கறுப்பினப் பிள்ளைகள், அவளுடைய உயிர்த்தோழி ஸூலு.

பாதுகாப்பு என்று நினைத்து நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதானா என்று ராத்திரியில் யோசிப்பேன்.

#14 கேட்_ரிமோட் (பீனிக்ஸ்)

அண்ணா, நானும் அந்த வாரம் தெருவில் நின்றவன். இதற்குப் பதில் எழுத மூன்று தடவை தொடங்கி அழித்துவிட்டேன்.

#15 பழைய_பாடம் (டர்பன்)

டொங்காட் ஐயாவின் "எங்களுக்கு டிப்ரெஷன் தெரியாது" என்பதற்கு மட்டும். நம் ஊர்ச் சமூகவியலாளர் பாத்திமா மீர் தற்கொலையைப் பற்றி ஒரு நூலே எழுதினார், 1976இல் வந்தது. ஆய்வு செய்தது வேறெங்கும் இல்லை, டர்பனில். நீங்கள் கொத்தமல்லி விற்ற அதே டர்பன். அந்தத் தலைமுறையிலும் எண்ணி எழுதுகிற அளவுக்கு மனிதர்கள் உடைந்துதான் இருக்கிறார்கள்.

பெல்ட்டுக்கும் ஒரு வரி. பள்ளியில் அடிப்பது 1996 சட்டத்தோடு போயிற்று. வீட்டில் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் நீக்கிவிட்டது. ஆக அந்த யோசனை செல்லாது.

#16 டொங்காட்_கரும்பு

இரண்டு நாளாக எழுதவில்லை. என் பேரன்தான் தட்டித் தருகிறான்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். என்னைவிட நாலு வயது மூத்தவன். அவனும் அதே மார்க்கெட், அதே கூடை, அதே பெல்ட். பத்தொன்பது வயதில் போய்விட்டான். வீட்டில் விபத்து என்று சொன்னோம், இத்தனை வருடமும் விபத்து என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அம்மா அவன் பெயரை எடுத்ததே இல்லை. அப்பா அதற்குப் பிறகு குடியை நிறுத்தவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டு அப்பா நிறுத்தினார் என்று கேட்காதீர்கள்.

கண்ணாடி டம்ளர் என்று எழுதியதை எடுத்துவிட வேண்டும் என்றால் எடுத்துவிடுங்கள். ஆனாலும் மகளே, அந்தக் காலிக் கூடையோடு பஸ்ஸில் தனியாக வருவேனே, அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை ஒன்றும் சொல்லமாட்டார்கள். அது நன்றாக இருந்தது. அதை உன் பையனுக்கு எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

#17 இரவுப்பணி (டர்பன்)

அங்கிள், எடுக்க வேண்டாம். இரண்டும் இருக்கட்டும். உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், பேரனைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

#18 திருச்சி_டு_மிட்ராண்ட்

யாரும் சொல்லாத ஒன்று: பெற்றோரின் நிலை. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2024 ஆகஸ்டில் பெற்றோரின் மன அழுத்தத்தைப் பற்றியே ஓர் அறிக்கை விட்டார். பெரும்பாலான நாட்களில் தாங்க முடியாத அழுத்தம் என்று சொன்ன பெற்றோர் 48 விழுக்காடு, மற்ற பெரியவர்கள் 26. வெஸ்ட்கிளிஃப் அக்கா, 2017க்குப் பிறகு நீங்கள் யாரிடமாவது போனீர்களா? பையனுக்காக இல்லை, உங்களுக்காக.

#19 வெஸ்ட்கிளிஃப்_அம்மா

இல்லை. இன்ஷூரன்ஸுக்கு மட்டும் போனேன்.

#20 வெஸ்ட்கிளிஃப்_அம்மா

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நிறுத்துவதற்கு நான் எடுத்துக்கொண்டது ஓரல். முன்பே சொன்னேன்: "இந்தத் தடவை டீச்சருக்கு எழுதமாட்டேன். உனக்குக் கஷ்டம் என்று தெரியும், தாங்குவாய் என்றும் தெரியும்." இரண்டு நாள் பேசவில்லை. கதவை ஓங்கிச் சாத்தியதில் கீல் கழன்றுவிட்டது. என் அம்மா வேறு "பையனைக் கொல்கிறாயா" என்று போனில்.

ஓரல் அன்றைக்குப் பள்ளிக்குப் போனான். பாதியில் நின்றுவிட்டானாம், உட்கார்ந்துவிட்டானாம், பிறகு பாத்ரூமில் வாந்தி. இருபதுக்கு ஏழு மார்க். கதையில் வருவது மாதிரி கைதட்டலெல்லாம் இல்லை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தான். இந்த மூன்று வாரத்தில் நாலு நாள்தான் விடுப்பு. திங்கட்கிழமை வயிற்றுவலி இன்னும் இருக்கிறது. ஆலோசகர் அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி நேரம் கொடுத்திருக்கிறார், எங்கள் இருவருக்கும் தனித்தனியாக.

கோயிலில் கஞ்சி அன்று பாத்திரம் கழுவும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அவனுக்குப் பிடிக்கவில்லை. கை முழுக்கச் சாம்பல் என்றான்.

டக்‌ஷாப்புக்கு இன்னும் அனுப்பவில்லை. என்னால் முடியவில்லை. செயலியை நேற்று பதினேழு தடவை பார்த்தேன்.

#21 டொங்காட்_கரும்பு

ஏழு மார்க் ஏழு மார்க்தான். எதைப் பற்றிப் பேசினான்?

#22 வெஸ்ட்கிளிஃப்_அம்மா

"எங்கள் நாய்". எங்களிடம் நாய் கிடையாது அங்கிள்.